அறிந்து கொடுப்பதே தானம்

இல்லறத்தார் செய்தற்குரிய தானங்கள் நான்கு என நம் முன்னோர் வகுத்துள்ளனர். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் அந்நான்கையும் ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என இளமையிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். இவற்றுள் ஔடத தானம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன, ஜினாலயத் திருவிழாவை ஒட்டி நடைபெறும் இலவச மருத்துவ முகாமும், ஏழை நோயாளிக்கு மருந்து வாங்க அளிக்கும் பொருளுதவியுமே ஆகும். மருந்தைக் கொடுப்பவர் கொடையாளி, அதனை உண்பவர் கொடை பெறுபவர் என்பதே நாம் அறிந்த முறை.

ஆயின், மருந்தை உண்பவரே கொடையாளியாகி, அதனைக் கொடுக்கும் மருத்துவரும் பின்வரும் நோயாளர் அனைவரும் கொடை பெறுபவராகும் இடம் ஒன்று இக்காலத்தில் உண்டு. கிளினிக்கல் ட்ரையல் என மருத்துவமனைகளில் வழங்கும் மருந்தாய்வே அது. புதிய மருந்தொன்று பயன் தருமா, கேடு செய்யுமா என்பதை, இசைவு தந்த நோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்து அறியும் முறை இது. இரத்தப் புற்றுநோய்க்கு இன்று நாம் காணும் சிறந்த மருந்துகள், இவ்வாறு தம் உடலைத் தந்தவர் இன்றி வந்தவை அல்ல.

நம் குடும்பங்களிலும் இந்நோய் வருகின்றது. மருத்துவர் ஒருநாள் ஒப்புதல் படிவம் ஒன்றை நீட்டி, "இந்த ஆய்வில் சேர விருப்பமா?" எனக் கேட்கும் நிலை நம்முள் எவர்க்கும் வரலாம். நோயுற்ற உடலில் சோதனை செய்வது இம்சை ஆகாதா? சேர்வது அறமா, மறுப்பது அறமா? இவ்வினாக்களை ஆராயப் புகுந்தால், இவற்றுக்கெல்லாம் முந்திய வினா ஒன்று எதிர்ப்படுகின்றது. விடை கூற வேண்டியவர் யார்? நோயாளரா, அவர்தம் மக்களா? நோயின் பெயரையே நோயாளரிடம் மறைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் இருத்தலால், இவ்வினா நமக்கு மிகவும் உரியதாகும்.

பதினாறு குழந்தைகள்

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன. அங்கே முதிர்ச்சி பெறாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமற் பெருகி, நல்ல அணுக்கள் தோன்ற இடமில்லாமற் செய்துவிடுவதே கடுமையான லுக்கேமியா எனப்படும் நோய். சிவப்பணுக்கள் குறைவதால் உடல் வெளிறும். தட்டணுக்கள் குறைவதால் இரத்தம் கசியும். நல்ல வெள்ளணுக்கள் இன்மையால் சிறு கிருமியும் பெருங்காய்ச்சலைத் தரும். உடலெங்கும் ஓடும் இரத்தத்தில் உள்ள நோயாதலின், அறுத்தெடுத்துக் களைய இயலாது. மருந்தையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

1947 வரை இந்நோய் கண்ட குழந்தை சில திங்களில் இறப்பது உறுதி என்றே மருத்துவர் கருதினர். அக்காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர் என்பவர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களை இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, முன்னினும் விரைந்து வளர்வதாகவே அவர்க்குத் தோன்றிற்று. ஃபோலிக் அமிலம் நோயை வளர்க்குமாயின், அதன் செயலைத் தடுக்கும் பொருள் நோயைத் தணிக்கக் கூடுமன்றோ என அவர் எண்ணினார். அத்தகைய பொருளை ஆக்கித் தந்தவர்கள், எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தார். சுப்பாராவ் 1895-இல் ஆந்திரப் பகுதியில் உள்ள பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்றவர். அமினாப்டெரின் என்னும் அம்மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேர்க்கு நோய் தணிந்த செய்தியை ஃபார்பர் 1948 ஜூன் திங்களில் வெளியிட்டார். அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டது. ஆயினும் இந்நோய் மருந்துக்குப் பின்வாங்கும் என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரியவந்தது.

ஒரு மருந்தால் ஆகாதது பல மருந்துகளால் ஆகுமா என்னும் வினா அடுத்து எழுந்தது. 1962-இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பெற்ற புனித ஜூட் மருத்துவமனையில், டொனால்டு பிங்கல் என்பவர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும், நோய் மூளையில் பதுங்காவண்ணம் தனிச் சிகிச்சை செய்தும், ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுகளை நடத்தினார். அப்பத்தாண்டின் இறுதியில் நடந்த ஆய்வில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நெடுநாள் நோயின்றி வாழ்ந்தனர். இன்று வசதி மிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகிய மூன்றும், எம்.சி.பி. 841 எனப் பெயரிய ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டு, 1984 முதல் 1990 வரை 1,048 பேர்க்கு மருத்துவம் செய்தன. முன்னர் நூற்றில் இருபதுக்கும் குறைந்த குழந்தைகளே பிழைத்த நிலை மாறி, நான்காண்டு கழிந்தும் நோய் மீளாமல் இருந்தோர் நூற்றுக்கு 41 முதல் 60 வரை என மருத்துவமனைக்கு ஏற்ப உயர்ந்தது. மருந்தின் கடுமையாலும் கிருமித் தொற்றாலும் உயிர் நீத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களையும் சேர்த்தே நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

தீராப்பிணி எது?

"பிணியும் மூப்பும் வினைப்பயன். வந்ததை அமைதியுடன் ஏற்பதை விடுத்து, புதிய மருந்தைத் தேடி உடலைப் பற்றிக்கொண்டு அலைவது பற்று அன்றோ?" எனச் சிலர் வினவுவர். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அருங்கலச் செப்பு முதலிய நம் சிராவகாசார நூல்கள் சல்லேகனைக்கு உரிய காலத்தைக் கூறுங்கால், நீக்கவியலா இடையூறு, பஞ்சம், மூப்பு ஆகியவற்றோடு தீராப்பிணியையும் எண்ணுகின்றன. ஆயின் அவை பிணி என்று வாளா கூறவில்லை. தீராத பிணி என்றே கூறுகின்றன. தீரக்கூடிய பிணிக்கு மருந்துண்டு நலம் பெற்று, தவத்துக்கும் தானத்துக்கும் உடலைக் கருவியாக்குவதே இல்லறத்தார் கடமை என்பது இதனால் பெறப்படும்.

இனி, தீராப்பிணி எது என்பதை உரைப்பவர் யார்? அது காலத்துக்குக் காலம் மாறுகின்றது. நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என ஒரு நோய் உண்டு. இந்நோயாளரின் அணுக்களில் இயல்புக்கு மாறான சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை, ஃபிலடெல்ஃபியா நகரில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர் 1960-இல் கண்டனர். எனினும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற இயன்ற சிலரைத் தவிர, மற்றையோர்க்கு இந்நோய் சில ஆண்டுகளில் மரணம் என்பதே நெடுங்காலம் நிலைமையாக இருந்தது. 1998 ஜூன் திங்களில், போர்ட்லண்டு நகரில் பிரையன் டிரக்கர் என்னும் மருத்துவர் இமாட்டினிப் என்னும் மாத்திரையை முதன்முதல் நோயாளருக்குக் கொடுத்தார். போதிய அளவில் அதனைப் பெற்ற, நோய் முற்றாத நிலையினர் 54 பேருள் 53 பேரின் இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புநிலையை எய்திற்று. 2001 மே திங்களில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில், அம்மருந்தைத் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்களுள் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டு கடந்தும் உயிருடன் இருந்தனர்.

1997-இல் தீராப்பிணி எனப்பட்டது சில ஆண்டுகளில் மாத்திரையால் அடக்கத்தக்க பிணி ஆயிற்று. அந்த எல்லைக் கல்லைப் பெயர்த்து நட்டவர்கள் மருத்துவர் மட்டும் அல்லர். அறியாத மருந்தை அறிந்தே உண்ட நோயாளரும் ஆவர். பிணிக்கு மருந்தையும், பின்வருவோர்க்கு அறிவையும் அவர்கள் ஒருங்கே தந்தனர். ஔடத தானமும் சாத்திர தானமும் ஒரே செயலில் கூடுவதை இங்கே காண்கின்றோம்.

தமக்கும் நலம் வருமென்னும் ஆசையோடுதானே நோயாளர் சேர்கின்றார், பயன் கருதிச் செய்வது தானமாகுமா எனின், நோயுற்றவரிடம் முனிவரின் பற்றின்மையை எதிர்பார்த்தல் முறையன்று என்க. தம் உயிர்மேல் ஆசையும் பிறர்மேல் அருளும் கலந்து செய்யும் கொடையும் கொடையே. அந்த ஆசையைப் பிறர் பயன்படுத்தி ஏமாற்றலாகாது என்பதே நாம் காக்க வேண்டிய வரம்பு.

குடவோலையும் மருந்தாய்வும்

ஆய்வு முறையைப் பற்றி நம் மக்கள் கொண்டுள்ள ஐயங்களுள் பெரியது குலுக்கல். முதற்கட்ட ஆய்வில் மருந்தின் அளவும் தீங்கும் மட்டுமே பெரும்பாலும் நோக்கப்படும். இரண்டாம் கட்டத்தில் பயன் உண்டா எனக் காண்பர். மூன்றாம் கட்டத்தில்தான் பழைய சிகிச்சையையும் புதியதையும் ஒப்பிடுவர். அப்போது யாருக்கு எது என்பதை மருத்துவரும் தேர்வதில்லை, நோயாளரும் தேர்வதில்லை. சீட்டுக் குலுக்குவதைப் போன்ற முறையால் அது முடிவாகின்றது. "என் தாயின் உயிரைச் சீட்டுக் குலுக்கியா தீர்மானிப்பது?" என மகன் வெகுள்வது இயல்பே.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையை நினைவு கூர்வோம். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விருப்பு வெறுப்பு அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். பெரியோர் எடுத்தால் தமக்கு வேண்டியவர் பக்கம் மனம் சாயும் என்பதால்தான் சிறுவனை நாடினர். மருத்துவர் தேர்ந்தால், உடல் வலிவுள்ளவர்க்குப் புதிய மருந்தும் நலிந்தவர்க்குப் பழையதும் கொடுத்து, புதியதே சிறந்ததெனத் தம்மையும் அறியாமல் முடிவு கட்டிவிடக் கூடும். குலுக்கல் அச்சாய்வைத் தடுக்கின்றது.

இரண்டனுள் எது மேல் என்பது மருத்துவ உலகுக்கே உறுதியாகத் தெரியாத நிலையில் மட்டுமே குலுக்கல் அறமாகும். ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் நோக்கி முடிவு கூறாதே எனும் அநேகாந்தக் கொள்கையில் வளர்ந்த நமக்கு இது விளங்காததன்று. "இது நலமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" எனத் துணிந்து கூறும் மருத்துவர் உண்மையுடையவர். ஒன்று மேலெனத் தெரிந்த பின்னும் குலுக்குவாராயின், அவர் அறம் தவறியவர். இமாட்டினிப் ஆய்வில் 1,106 பேரைக் குலுக்கலால் இரு பிரிவாக்கினர். பழைய சிகிச்சை பயன் தராதவர்களையும், அதனைத் தாங்க இயலாதவர்களையும் புதிய மருந்துக்கு மாற விதிகள் இடமளித்தன.

புதியதெல்லாம் நல்லதென்பதும் பிழை. வெனிடோக்ளாக்ஸ் என்னும் மருந்து சிலவகை லுக்கேமியாவில் நற்பயன் தந்தது. அதனை மைலோமா நோய்க்கும் கொடுத்து ஆய்ந்தனர். இரு பிரிவினர்க்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு பிரிவினர்க்கு மட்டும் அதனுடன் புதிய மருந்தும், மற்றவர்க்கு அதைப் போன்ற வெறும் மாத்திரையும் தரப்பட்டன. புதிய மருந்தைப் பெற்றோரிடம் நோய் மெல்லவே வளர்ந்தது. ஆயினும் 194 பேருள் 41 பேர் இறந்தனர். மற்றைப் பிரிவில் 97 பேருள் 11 பேரே இறந்தனர். 2019 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனைவரையும் எச்சரித்தது. ஒப்பிட்டுப் பாராமல் மருத்துவர் தத்தம் எண்ணப்படி கொடுத்திருப்பின், அக்கேடு எவர் கண்ணிலும் பட்டிராது. இத்தகைய ஆய்வில் சேர்ந்து உயிர் நீத்தவரும் பிறர்க்கு அபயம் அளித்தவரே. ஆனால் இவ்வாறு நேரலாம் என்பதை அவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

கொடாததைக் கொள்ளுதல்

கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நம் அறநூல்கள் தரும் விளக்கம் நுட்பமானது. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதலே களவு. பொருளின் மதிப்பு அங்கே பேசப்படவில்லை. உடையவர் கொடுத்தாரா என்பதே வினா. இவ்வுரைகல்லில் மருந்தாய்வைத் தேய்த்துப் பார்ப்போம். அறிந்து, விரும்பி, மறுக்கவும் உரிமை பெற்று ஒருவர் தம் உடலை ஆய்வுக்குத் தந்தால் அது தானம். அறியாமலோ அஞ்சியோ தந்ததாகக் கையொப்பமிட்டால், அவரிடமிருந்து பெற்றது களவு. மருந்து ஒன்றே, மருத்துவமனை ஒன்றே, ஊசியின் வலியும் ஒன்றே. இடையில் உள்ள அறிவு ஒன்றுதான் தானத்தையும் களவையும் பிரிக்கின்றது.

உலகம் இதனைத் துன்புற்றே கற்றது. நாஜி மருத்துவர்கள் சிறைப்பட்டோர் உடலில் செய்த கொடுஞ்சோதனைகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம், 1947-இல் வகுத்த நெறிகளுள் முதலாவதாக வைத்தது, சோதனைக்கு உட்படுபவரின் மனமார்ந்த இசைவையே. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கி நகரில் இந்நெறிகளை விரித்து அறிவித்தது. அதன் பின்னரும் 1972 வரை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏறத்தாழ 400 கறுப்பின ஆடவர்க்கு அவர்தம் மேகநோயைப் பற்றி உண்மை கூறாமலும், பென்சிலின் கிடைத்த பின்னும் அதனைக் கொடாமலும், நோயின் போக்கை மட்டும் பார்த்து வந்தனர். நம் நாட்டில் 2009 முதல் மருந்தாய்வுகளை அரசின் பதிவேட்டில் பதிதல் கட்டாயமாயிற்று. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், ஆய்வால் ஊறு நேர்ந்தால் இலவச மருத்துவத்தையும் இழப்பீட்டையும் வலியுறுத்துகின்றன. எழுதப் படிக்க அறியாதவர் இசைவு தரும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

விதி இருப்பினும், விளங்கச் செய்தல் வேறு. பன்னாள் வகுப்பறையில் நின்ற நமக்கு ஒன்று தெரியும். "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுதும் "புரிந்தது" என்றே கூறும். "நீ விளங்கிக்கொண்டதை உன் சொற்களில் கூறு" என்றால்தான் உண்மை வெளிப்படும். ஆசிரியப் பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் இது ஒன்று. ஒப்புதல் படிவத்துக்கும் இதுவே முறை. பல பக்கங்களில் நுண்ணெழுத்தில் அச்சிட்ட தாளில் கைநாட்டுப் பெறுவது இசைவு ஆகாது. "இது எனக்கென்றே அளந்த சிகிச்சை அன்று, ஆய்வு. பயன் தராமலும் போகலாம். வேண்டாமெனில் எந்நாளிலும் விலகலாம். விலகினாலும் எனக்குரிய வழக்கமான மருத்துவம் நில்லாது." இவ்வளவையும் நோயாளர் தம் வாயால் கூற வல்லராயின், அவர் அறிந்து கொடுத்தவர்.

மறைக்கும் அன்பு

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். தந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியவுடன், மக்கள் முதலில் செய்வது அவரை வெளியே அமர வைப்பதுதான். "அப்பாவிடம் சொல்லாதீர்கள், தாங்க மாட்டார்" என்று மருத்துவரைக் கெஞ்சுகின்றனர். "இரத்தம் குறைந்திருக்கிறது, சத்து ஏற்றுகிறார்கள்" என்று தந்தையிடம் கூறுகின்றனர். இதனைச் செய்விப்பது அன்பே, ஐயமில்லை. நம் நூல்களும் இவர்கள் பக்கம் பேசுவனபோலத் தோன்றும். பிறர்க்குக் கேடு விளைக்கும் உண்மையைக் கூறாதிருத்தலும் வாய்மை விரதத்தின் பாற்பட்டதே எனச் சிராவகாசாரம் கூறுகின்றதன்றோ?

கூறுகின்றது. ஆயின் கேடு எதனால் விளைகின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையைக் கடந்தே அத்தந்தை நாள்தோறும் செல்கின்றார். அருகிலுள்ள கட்டிலில் இருப்பவருடன் பேசுகின்றார். தலைமயிர் உதிர்வதைக் காண்கின்றார். பலர் உண்மையை ஊகித்துவிடுகின்றனர். மக்கள் வருந்துவரே என்று தாமும் அறியாதவர்போல் நடிக்கின்றனர். ஒரே வீட்டில் இரு சாராரும் ஒருவரை ஒருவர் காப்பதாக எண்ணி, தனித்தனியே அழுகின்றனர். கேட்க விரும்பியதைக் கேளாமல், செய்ய விரும்பிய தானத்தைச் செய்யாமல், மன்னிப்புக் கேட்க விரும்பியவரிடம் கேளாமல் நாள்கள் கழிகின்றன. உண்மையை மறைத்ததால் விளையும் கேடு இது.

மருந்தாய்வு என்று வரும்போது இக்கேடு இருமடங்காகின்றது. நோயின் பெயரையே அறியாதவர் ஆய்வுக்கு இசைய இயலுமா? சுயநினைவோடு இருக்கும் தந்தைக்கு மாறாக மகன் கையொப்பமிடச் சட்டமும் இடந்தரவில்லை. நோயாளர் இசைவு தர இயலாத நிலையில் இருந்தால் மட்டுமே பிறர் கையொப்பமிடலாம். ஆகவே மறைக்கும் குடும்பத்தின் முன் இரு வழிகளே உள்ளன. ஆய்வால் வரக்கூடிய நன்மையை அவரைக் கேளாமலேயே இழப்பது ஒன்று. "ஏதோ படிவமாம், கையெழுத்துப் போடுங்கள்" என்று தாளை நீட்டுவது மற்றொன்று. பின்னதைச் செய்தால், கொடாததைக் கொள்ளும் குற்றத்தில் மருத்துவரோடு மக்களும் பங்கு கொள்கின்றனர்.

உண்மையைத் தலையில் கொட்டுக என்று நாம் கூறவில்லை. எப்போது, எவ்வளவு, எவர் வாயால் என்பதை அளந்து கூறுவதே அகிம்சை. ஒரே நாளில் அனைத்தையும் கூற வேண்டியதில்லை. நோயாளர் எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பதை அவரிடமே கேட்கலாம். "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரே கூறுவாராயின், அதுவும் அவர் எடுத்த முடிவு, மதித்தல் வேண்டும். அப்படிப்பட்டவரை ஆய்வில் சேர்க்காமல், வழக்கமான சிகிச்சையைத் தொடர்வதே முறை. குழந்தையாயின் பெற்றோரே இசைவு தருவர். எனினும் ஏழு வயது நிரம்பிய குழந்தையின் உடன்பாட்டையும் கேட்க வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. ஏழு வயதுக் குழந்தையைக் கேட்க வேண்டுமென்றால், எழுபது வயதுத் தந்தையைக் கேளாதிருப்பது எவ்வாறு தகும்?

எலியும் ஓர் உயிரே

ஜைனராகிய நம் மனத்தை வருத்தும் பிறிதொன்றும் உண்டு. மனிதர்க்குக் கொடுக்குமுன் மருந்துகள் எலி முதலிய உயிர்களிடம் சோதிக்கப்படுகின்றன. உழவன் ஏரோட்டுகையில் புழு இறப்பது தொழில்வழி நேரும் இம்சை. அவன் அதனை நாடிச் செய்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு நோயை உண்டாக்குவதோ எண்ணித் துணிந்து செய்வது. இவ்விரண்டும் ஒன்றே என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளல் ஆகாது. ஆயினும் அம்மருந்தை உண்ணேன் என நோயாளர் மறுப்பதால், இறந்த எலி மீள்வதில்லை. இனி இறவாதிருக்க வழி தேடுவதே பயனுள்ள அருள். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் இயற்றிய சட்டமும், 2023-இல் நம் நாட்டு விதிகளில் செய்த திருத்தமும், விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனித அணுக்களைக் கொண்டும் கணினியைக் கொண்டும் செய்யும் சோதனைகளை ஏற்க இடமளித்துள்ளன. இத்தகைய ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்வதை நம் சமுதாய அறக்கட்டளைகள் அபய தானமாகவே கருதலாம்.

கொடுத்தவர்க்குக் கிட்டுமா?

ஏழை தன் உடலைத் தர, செல்வர் மட்டும் மருந்தைப் பெறுவாராயின், அக்கொடை சுரண்டலாய் முடியும். இமாட்டினிப் மாத்திரைக்கு உரிமை கோரிய நிறுவனத்தின் விலை நம் நாட்டில் மாதத்துக்கு இலட்சம் ரூபாய்க்கும் மேலாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் ஆக்கிய அதே மருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. 2013 ஏப்ரல் முதல் நாளன்று உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையை மறுத்ததால், குறைந்த விலை மருந்து ஏழையர்க்குத் தொடர்ந்து கிட்டிற்று. நோயாளரின் சொந்த வெள்ளணுக்களையே எடுத்து, புற்றை அழிக்குமாறு மாற்றி, மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி சிகிச்சையை மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் நம் நாட்டிலேயே உருவாக்கி, நம் நோயாளரிடமே ஆய்ந்தன. 2023 அக்டோபரில் அதற்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. வெளிநாட்டு விலையினும் மிகக் குறைவே எனினும், அதுவும் எளியோர் கைக்கு எட்டும் விலையில் இல்லை. பொருளுக்கு வரம்பு வகுக்கும் அணுவிரதம் வணிகம் செய்வோர்க்கும் உரியதென்பதை, வணிகர் பலரைக் கொண்ட நம் சமுதாயம் உரத்துக் கூறலாம்.

ஆகவே சேர்வது அறமா, மறுப்பது அறமா என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இது. இரண்டும் அறமாகலாம். சேர்ந்தவரைத் தியாகி என்று புகழ்ந்து, மறுத்தவரைத் தன்னலத்தார் என்று இகழ்தல் கூடாது. கட்டாயப்படுத்திப் பெறுவது தானமாகாதாகையால், மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கொடையும் இல்லை. தவறாவது, நோயாளரை விடுத்து மற்றவர் முடிவு செய்வதே.

மருத்துவர் படிவத்தைக் கொடுத்தால், உடனே கையொப்பமிட வேண்டா. வீட்டுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். தமிழில் எழுதிய படிவத்தைக் கேட்பது உங்கள் உரிமை. ஆய்வு அரசுப் பதிவேட்டில் பதியப்பெற்றதா, இது எந்தக் கட்டம், சேராவிட்டால் கிட்டும் சிகிச்சை எது, ஊறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்னும் ஐந்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நோயாளரின் அருகில் அமர்ந்து, வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். விளங்காத சொல் வந்தால் நிறுத்துங்கள்; மறுநாள் மருத்துவரிடம் கேட்டு வந்து மீண்டும் தொடருங்கள். அவர் தம் சொற்களில் அதனைத் திருப்பிக் கூறும் வரை பொறுத்திருங்கள். அதன்பின் எழுதுகோலை அவர் கையில் கொடுங்கள். கையொப்பமிடுவதும் கீழே வைப்பதும் அவர் விருப்பம்.